சேலைக்குக் கிடைத்த அறை

1

சென்ற வாரம் கைக்குழந்தையோடு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். இந்த ஊருக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு இங்கே யாரையும் தெரியாது. மாவுப் பைகள் அடுக்கியிருந்த பக்கம் நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் சேலையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, ரகசியம் பேசுகிற குரலில் கேட்டாள்: "அந்த இந்திய இளவரசி நீங்கள்தானே?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே என் மகனின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

புதுக்கோட்டையில் என்னோடு படித்தவர்கள் இதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சமஸ்தானத்து மராமத்து இலாகாவில் கண்மாய்க் கரைகளை மேற்பார்த்த ஓவர்சியரின் மூன்றாவது பெண் நான். அரண்மனையை வெளி மதிலோடு பார்த்ததுதான். தசராவுக்கு யானை பார்க்கப் போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவள். ஆனாலும் அமெரிக்காவின் இந்த எண்ணெய் வயல் ஊர்களில் நான் இளவரசி என்று ஒரு பேச்சு இருக்கிறது. குடிபெயர்ந்தாலும் பின்னாலேயே வருகிறது.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். உன் வீட்டுக்காரர் அங்கே என்னதான் படித்தார், படித்துவிட்டுப் பெட்ரோல் பங்க் வைக்கப் போகிறாரா என்று. அவர் படித்த கதையையும் நான் இளவரசியான கதையையும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

2

என் கணவர் சிதம்பரத்தின் குடும்பமும் சமஸ்தானத்துப் பூர்வீகம்தான்; எல்லை தாண்டி அறந்தாங்கியில் மண்ணெண்ணெய்க் கடை. பெண் பார்க்க வந்த அன்று என் சின்னம்மா அடுப்படிக்குள் வந்து என் காதில், "மாப்ள நல்லாத்தான் இருக்காரு. ஆனா கிட்டப் போனா மண்ணெண்ண வாட வருதேடி" என்றாள். சட்டை புதுசு, வாடை மட்டும் தோலிலேயே ஊறியிருந்தது.

யுத்தத்தில் பர்மா விழுந்தபோது அந்தக் கடைக்கு டின்கள் வருவது நின்றுபோயிற்று. சனங்கள் பாட்டிலும் கையுமாகத் தெரு முனைவரை நின்றார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லாத கோபத்தில், பதுக்கி வைத்திருக்கிறாய் என்று என் மாமனாரின் சட்டையைப் பிடித்தார்கள். அப்போது என் கணவர் திருச்சிக் காலேஜில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் விற்ற பொருள் எங்கேயிருந்து வருகிறது, அதை யார் எடுக்கிறார்கள் என்பது நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாதே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தல்தான் அவரைக் கடல் கடத்தியது. யுத்தம் முடிந்து, சமஸ்தானத்து உதவித்தொகை கிடைத்து, பெட்ரோலியம் என்ஜினீயரிங் படிக்க ஓக்லஹோமாவுக்கு வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்.

நான் வருவதாக இல்லை. என்னை அனுப்பியது என் மாமியார். தெருவில் யாரோ சொன்ன ஏதோ ஒரு கதையைக் கேட்டுவிட்டு வந்து, "நீயும் கெளம்பு. தனியா விட்டா வெள்ளக்காரியக் கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பான். அப்பறம் நான் அவளுக்கு ஆலாத்தி எடுக்கவா?" என்றார். மகனைக் காப்பாற்றத் தன் வளையல்களையே கழற்றிக் கொடுத்தார். பம்பாயில் ஒரு போதகர் குடும்பத்தோடு கப்பலேறி, நியூயார்க்கில் இறங்கி, ரயிலில் ஓக்லஹோமா வந்து சேர்ந்தேன். சுதந்திரம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ரயிலடியில் நின்றிருந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார்.

3

படிப்பு கஷ்டம் என்று நினைத்தேன். இல்லை, கணக்கும் ரசாயனமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரைத் தின்றது வேறு.

முதலில் அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "இன்னைக்கு முழுக்கச் சேத்தப் பத்தித்தான் பாடம்" என்பார். பூமிக்குள் துளை போடும்போது உள்ளே சேறு கரைத்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். சேறு கனமாக இருந்தால்தான் கீழே அடைபட்டிருக்கும் எண்ணெயும் வாயுவும் பீறிட்டுக் கிளம்பாமல் இருக்கும்; இலேசாகிவிட்டால் மேலே நிற்கிற இரும்புக் கோபுரத்தோடு ஆளையும் தூக்கி எறிந்துவிடும். இன்னொரு நாள் வந்து, "நாளைக்கு மீன் பிடிக்கிறதப் பத்திப் பரீட்சை" என்றார். நான் ஆசையாக, "என்ன மீனுங்க?" என்று கேட்டுவிட்டேன். கிணற்றுக்குள் உடைந்து விழுந்த இரும்பை மேலேயிருந்து கொக்கி போட்டு எடுப்பதற்கு இங்கே மீன்பிடி என்று பெயராம். அவர் அன்று சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் அவர் சிரித்ததே அவ்வளவுதான்.

அவரைத் தின்ற கவலை இது. சுவரில் ஒரு பழைய இந்தியப் படம் ஒட்டியிருந்தார். அதில் மூன்று இடங்களில் மையால் வட்டம் போட்டிருந்தது. பர்மாவில் ஒன்று, பஞ்சாபில் ராவல்பிண்டிப் பக்கம் ஒன்று, அசாமில் ஒன்று. எண்ணெய் எடுக்கிற இடங்கள் அவைதாம்.

"பர்மா நாம சின்னப் புள்ளையா இருக்கையிலயே தனியாப் பிரிஞ்சு போச்சு. சரி, அங்கிட்டுப் போனாலும் நம்ம சனம் இருக்கும்னு நெனச்சிருந்தேன். யுத்தத்துல அங்க இருந்த கெணத்துக்கெல்லாம் தீய வச்சிட்டாய்ங்க" என்றார் ஒரு நாள். "ராவல்பிண்டிதான் எனக்குன்னு நெனச்சேன். அது இப்ப பாகிஸ்தான். மிச்சம் இருக்கது அசாம் ஒண்ணுதான். அங்க என்ஜினீயரெல்லாம் சீமையிலருந்து வாரவுங்க."

"ஒரு எடம் இருக்குல்லங்க. ஒரு ஆளுக்கு ஒரு எடம் போதாதா?"

அசாமுக்கு எழுதிப் போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரர் வருகிற நேரத்தில் அவர் அறையில் நடக்க ஆரம்பிப்பார்; தபால்காரர் தாண்டிப் போன பிறகும் நடப்பார். தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். கூடப் படிக்கிற பையன்கள், எந்தக் கம்பெனியில் சேருவது, எது ஒசத்தி என்று பேசிக்கொள்வார்களாம். இவர் அவர்கள் பேச்சு முடியும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். நாட்டில் நாலு பேருக்குத்தான் வேலை இருக்கிற ஒரு படிப்பைப் படித்துக்கொண்டு, அந்த நாலு பேரில் ஒருவனாகத் தன்னை யாரும் நினைத்துப் பார்க்காத இடத்தில் இருப்பது எப்படி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து அப்பா எழுதினார். நம் சமஸ்தானம் மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது, இனிமேல் நாம் திருச்சி ஜில்லா என்று. மகிழ்ச்சியாகத்தான் எழுதியிருந்தார். நானும் சந்தோஷப்பட்டேன். இவர் மட்டும் பெட்டியைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். அதில் அவர் புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிரஜை என்றும், பிரிட்டிஷ் பாதுகாப்பில் உள்ளவர் என்றும் எழுதியிருந்தது.

"ராசாத்தி, பிரிட்டிஷ்காரனும் போயிட்டான், சமஸ்தானமும் போயிருச்சு. இந்தக் காயிதத்துல இருக்க ஆளு இப்ப யாரு?" என்றார்.

உதவித்தொகை என்ன ஆகும் என்பது ஒரு கவலை. அதைப் புதிய சர்க்கார் ஏற்றுக்கொண்டது; மூன்று மாதம் தாமதம், அவ்வளவுதான். புதுப் பாஸ்போர்ட் கேட்டு வாஷிங்டனுக்கு எழுதினோம். ஜில்லா எது, மாகாணம் எது, பழைய சமஸ்தானத்தின் அத்தாட்சி எங்கே என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாடே புதுசு, எழுதுகிறவர்களுக்கும் எல்லாம் புதுசுதான். அதுவரை யூனிவர்சிடியில் கொடுத்த ஓர் அட்டைதான் அவருக்கு ஆதாரம். அதில் 'புதுக்கோட்டை ஸ்டேட்' என்றே அடித்திருந்தது.

4

கோடை விடுமுறையில் எண்ணெய் வயலில் வேலை பார்த்து, அந்த வயலின் மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால்தான் பட்டம். ஏட்டில் மட்டும் படித்தவனை என்ஜினீயர் என்று இங்கே ஒப்புக்கொள்வதில்லை. கூடப் படித்த எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. இவருக்குக் கடைசியில், பேராசிரியர் தனக்குத் தெரிந்த ஒரு காண்டிராக்டரிடம் சொல்லி, தெற்கே ஒரு சின்ன ஊரில் ஏற்பாடு செய்தார்.

காலையில் பஸ் ஏறிப் போனவர் மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து நின்றார். கையில் அதே பெட்டி. நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பதறிப்போய், "என்னாச்சுங்க? வேல இல்லன்னுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"வேல இருக்கு. அந்த ட்ரில்லரு, தொள போடுற மேஸ்திரி, ஹாரிஸ்னு பேரு, நாளைக்கே வான்னாரு. தங்கத்தான் எடமில்ல."

"ஊருல ஒரு வீடுகூடவா இல்ல?"

"வாசல்ல போர்டு தொங்குது, ரூம் இருக்குன்னு. கதவத் தட்டுனா மூஞ்சியப் பாத்துட்டு, இப்பத்தான் ஒருத்தர் எடுத்துக்கிட்டாருங்குறாய்ங்க. நாலு வீட்டுலயும் அதே பேச்சு. கடைசி வீட்டுல ஒரு பொம்பள, ஒங்க ஆளுங்க தங்குறது பக்கத்து ஊர்ல, இங்கிட்டு இல்லன்னு நல்லவிதமாத்தான் சொன்னா."

அவர்கள் இவரைக் கறுப்பர் என்று நினைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் கறுப்பர்களுக்குப் பஸ்ஸில் வேறு இடம், ஓட்டலில் வேறு வாசல், படிக்க வேறு பள்ளிக்கூடம். யூனிவர்சிடி ஊரில் நாங்கள் வெளிதேசத்தார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அது எங்கள் மேல் அவ்வளவாகப் படவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னோம். வயதான மனிதர். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் இவரோடு போங்கள். இந்த உடையிலேயே போங்கள்" என்றார். "இப்படிச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது பலிக்கும்."

பலித்தது. அதே ஊர், கடைசியாக அவர் தட்டிய அதே கதவு. நான் கட்டியிருந்தது கட்டம் போட்ட சிவப்புக் கண்டாங்கி. நம் ஊரில் நாற்று நடப் போகிறவர்கள் கட்டுகிற சேலை; நன்றாக உழைக்கும் என்று அம்மா பெட்டியில் வைத்தது. வீட்டுக்காரி மிஸஸ் கிரீன் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மாடி, எவ்வளவு அழகு!" என்றாள். உள்ளே வாருங்கள் என்றாள். மாடியில் காற்று வருகிற அறை இருக்கிறது என்றாள். எனக்குப் பின்னால் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து, "இவர் உங்கள் கணவரா? வாருங்கள், வாருங்கள்" என்றாள். அவரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

காப்பி கொடுத்துவிட்டு என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ராணி, இளவரசி, அப்படி ஓர் அர்த்தம் என்றேன். அவள் கண்கள் விரிந்தன. நான் சொன்னது பெயருக்கு அர்த்தம். அவள் எடுத்துக்கொண்டது வேறு. மறுநாள் நான் ரொட்டிக் கடைக்குப் போகும்போது தெருவே திரும்பிப் பார்த்தது.

மாடிக்குப் போனதும் அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றவில்லை.

"ஒஞ் சேலைக்குத்தான் ரூம் குடுத்துருக்கா. எனக்கு இல்ல" என்றார். "திரும்பிப் போயிருவமா?"

"கையெழுத்து வாங்காமப் போயி அறந்தாங்கில என்னன்னு சொல்லுவீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தொலைவில் இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. பிறகு பூட்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

5

மிஸஸ் கிரீன் வீட்டில் துணி துவைக்கவும் சமைக்கவும் 'எல்லா' என்று பெயருள்ள ஒரு கறுப்பினப் பெண் வருவாள். என் அம்மா வயது. மாலை வெயில் சாய்வதற்கு முன்பே, பாதி வேலை கிடந்தாலும் போட்டுவிட்டு ஓடுவாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன்.

"ஊர் எல்லையில் பலகை இருக்கிறதே, நீ பார்க்கவில்லையா குழந்தை? பொழுது இறங்கினால் எங்கள் ஆட்கள் இந்த ஊருக்குள் இருக்கக் கூடாது" என்றாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உன் புருஷன் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்?" என்று கேட்டாள்.

துளை போடும் கோபுரத்தை ரிக் என்பார்கள்; அங்கே வேலை காலையில் தொடங்கினால் பொழுது சாயத்தான் முடியும். லாரி ஆட்களை ரயில்வே கேட் பக்கம் இறக்கிவிடும். மற்றவர்கள் அங்கே நிறுத்தியிருக்கும் தங்கள் கார்களில் ஏறிப் போய்விடுவார்கள். இவர் ஒருவர்தான் கடைத்தெரு வழியாக நடந்து வர வேண்டும், அதுவும் உடம்பெல்லாம் சேறும் எண்ணெயும் அப்பியிருக்க.

அன்று மாலை கண்டாங்கியைத் திருத்தமாகக் கட்டிக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போனேன். லாரியிலிருந்து இறங்கியவர் என்னைப் பார்த்துப் பதறினார்.

"என்ன ராசாத்தி, வயித்த கியித்த வலிக்குதா?"

"இல்லங்க. சும்மா நடந்தா நல்லதுன்னு மிஸஸ் கிரீன் சொன்னாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து நடந்தோம். ஊரில், கட்டிய புருஷனோடு ஒட்டி நடந்தால் சிரிப்பார்கள் என்று நாலடி பின்னால்தான் நடப்பேன். இங்கே அவர் தோளோடு தோள் உரச நடந்தேன். என் சேலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று தெருவிளக்கு இருக்கிற பக்கமாகவே நடந்தேன். கடை வாசல்களில் நின்றவர்கள் தொப்பியைத் தொட்டு எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

கோடை முழுவதும் அப்படியே போனேன். வயிறு பெரிதாகிக்கொண்டு வந்தது. கால் வீங்கியது. ஒரு நாள் அவர், "நாளைலேருந்து வராத, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று கோபப்பட்டார். மறுநாளும் போனேன். அவர் கோபப்பட்டது என்மேல் இல்லை.

பகலில் ரிக்கில் நடப்பதை மட்டும் ஆர்வமாகச் சொல்வார். முதல் வாரத்தில் ஹாரிஸ் அவரைக் குழாய் துடைக்கத்தான் விட்டாராம். சேற்றைச் சோதிக்கிற ஆள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட, அந்த வேலை இவரிடம் வந்தது. ஒவ்வொரு மணிக்கும் சேற்றின் கனம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை இவர், கனம் குறைகிறது, வாயு கலக்கிறது என்று சொல்லித் துளை போடுவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஹாரிஸ் திட்டிக்கொண்டே நிறுத்தினாராம். நிறுத்தியது நல்லதாகப் போயிற்றாம். அதிலிருந்து, சிதம்பரம் என்பது வாயில் நுழையாமல், 'சிட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் பழைய முகமாக இருக்கும்.

6

கோடை முடியப் போகிற சமயத்தில் ஒரு நாள் எனக்குக் காலையிலிருந்தே தலைசுற்றல். மத்தியானம் வாந்தி எடுத்துவிட்டுப் படுத்தவள் அப்படியே அயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் சிவந்து மங்கியிருந்தது. எல்லா போய்விட்டிருந்தாள். அவர் வரவில்லை. வர வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

சேலையைச் சுற்றிக்கொண்டு படிகளில் இறங்கினேன். என் முகத்தைப் பார்த்த மிஸஸ் கிரீன் ஒன்றும் கேட்காமல் கார்ச் சாவியை எடுத்தாள். ரயில்வே கேட்டில் யாரும் இல்லை. பக்கத்துப் பெட்ரோல் பங்கில் இருந்தவன், யாரோ ஓர் ஆளைக் கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டு போனார் என்று கையைக் காட்டினான்.

அது ஓர் ஒற்றை அறை. உள்ளே அவர் நின்றுகொண்டிருந்தார். உதட்டில் அடி பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை, காய்ந்த சேறு. நாற்காலி காலியாக இருந்தும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் கையில் யூனிவர்சிடி கொடுத்த அந்த அட்டை.

"புதுக்கோட்டை ஸ்டேட்" என்று தப்பும் தவறுமாக வாசித்தார். "எனக்குத் தெரிந்த ஸ்டேட்டுகளில் இப்படி ஒன்று கிடையாது. எங்கே இருக்கிறது இது?"

"இந்தியாவில்" என்றார் இவர். குரல் நிதானமாகத்தான் இருந்தது. "இப்போது இல்லை. மார்ச்சில் கலைத்துவிட்டார்கள்."

"இல்லாத ஊரிலிருந்து வந்திருக்கிறாய்."

அப்போதுதான் நான் உள்ளே வந்ததைக் கான்ஸ்டபிள் கவனித்தார். சட்டென்று எழுந்து தொப்பியை எடுத்தார். மிஸஸ் கிரீன் எனக்கு முன்னால் போய், "என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! இந்த அம்மா யார் தெரியுமா? இந்திய இளவரசி! அவர் இந்த அம்மாவின் கணவர்!" என்று கத்தினாள்.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். "அப்படியா அம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவு திறந்துவிடும். என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்ட ஆள் நிற்பதுபோல நின்றார். அந்த நிலையைப் பார்த்ததும் எனக்கு ஆமாம் வரவில்லை.

"இல்லை" என்றேன். "என் தகப்பனார் ஓவர்சியர். இவர் தகப்பனார் மண்ணெண்ணெய் விற்கிறார். இவர் என்ஜினீயரிங் படிக்கிறார். உங்கள் ஊர் ரிக்கில் வேலை செய்கிறார். வீட்டுக்கு வர வேண்டும்." என் இங்கிலீஷ் அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னேன் என்று எதுவும் நடந்துவிடவில்லை. கான்ஸ்டபிள் குழம்பிப்போய், மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று டெலிபோனை எடுத்தார். மிஸஸ் கிரீன் என்னை முறைத்துப் பார்த்தாள்.

வெளியே ஒரு லாரி கிறீச்சென்று நின்றது. உடம்பெல்லாம் சேற்றோடு ஒரு பெரிய ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஹாரிஸ் என்று நான் ஊகித்துக்கொண்டேன். பங்க்காரன் சொல்லியிருப்பான் போல. என்னைப் பார்க்கவும் இல்லை, என் சேலையைப் பார்க்கவும் இல்லை. நேரே என் கணவரிடம் போய், "இங்கே என்ன செய்கிறாய் சிட்? காலையில் குழாய் இறக்குகிறோம், தெரியுமல்லவா?" என்றார்.

"இந்த ஆளை உனக்குத் தெரியுமா?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"என் சேற்றுக்காரன். இவன் கனம் பார்த்துச் சொல்லாமல் நாளைக்கு நான் ஒரு குழாய்கூட இறக்க மாட்டேன். கிணறு கிளம்பி ஊரைக் கொளுத்தினால் நீ வந்து அணைக்கிறாயா?"

கான்ஸ்டபிள் டெலிபோனை வைத்தார். அட்டையை மேஜைமேல் தள்ளினார்.

7

அறைக்கு வந்து, அவர் குளித்துவிட்டு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டார். ஊரில் அவர் அப்படிச் செய்ததில்லை. நானும் விட்டிருக்க மாட்டேன்.

"எனக்குன்னு ஒரு ஆள் வந்தாருல்ல, ராசாத்தி" என்றார். சின்னப் பையன் சொல்வதுபோல இருந்தது. பிறகு, "நம்ம கடையில, கீழத்தெரு ஆளுங்க பாட்டிலத் தரையில வச்சிட்டுத் தள்ளிப் போயி நிப்பாங்களே. ஊத்தி முடிச்சப்பறம் வந்து எடுப்பாங்க. நான் எத்தன வருசம் ஊத்தியிருப்பேன்! அவுங்க எப்புடி நிப்பாங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார்.

மறுநாள் விடியுமுன் எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். குழாய் ஒழுங்காக இறங்கியது. ஹாரிஸ் கையெழுத்துப் போட்டார். மிஸஸ் கிரீன் மட்டும் கடைசிவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அவளை நான் ஏமாற்றிவிட்டதாக நினைத்தாள். ஆனாலும் அவளே ஊர் ஊராகச் சொல்லியிருக்க வேண்டும், இளவரசி தன் வீட்டில் தங்கியதாக. நான் இல்லை என்றது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

பனிக்காலம் தொடங்கும்போது மகன் பிறந்தான். ஆஸ்பத்திரியில், அவன் அமெரிக்கப் பிரஜை என்று அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் தகப்பனாரின் புதுப் பாஸ்போர்ட் அதற்கு வெகுநாள் கழித்துத்தான் வந்தது. இப்போது அவனுக்கு ஒரு வயது நெருங்குகிறது. அம்மா என்று சொல்லித் தருகிறேன். அவன் தபால்காரரைப் பார்த்துக் கையாட்டி, "பை பை" என்கிறான்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் பட்டம் கிடைத்தது. அதே வாரம் அசாமிலிருந்தும் பதில் வந்தது. இப்போதைக்கு இடமில்லை, இடம் காலியானால் தெரிவிக்கிறோம் என்று. ஹாரிஸின் காண்டிராக்டர் புதிய வயல் ஒன்றில் சேறு பார்க்கிற என்ஜினீயர் வேலை தருவதாகச் சொன்னார். இரண்டு நாள் பேசிப் பேசிப் பார்த்தோம். அங்கே வேலை இல்லை; இங்கே வேலை இருக்கிறது, பயமில்லாமல் நடக்கத் தெருதான் இல்லை. அறந்தாங்கிக்கு எழுதினோம். என் மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து எழுதச் சொன்ன பதில் வந்தது: "வெள்ளக்காரியத்தான் கட்டல, வெள்ளக்காரன் ஊரையே கட்டிக்கிட்டியேடா."

அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். பிறகு எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

அப்படித்தான் இந்த ஊருக்கு வந்தோம். இங்கே எல்லையில் பலகை எதுவும் இல்லை. அதைப் பார்ப்பதற்காகவே ஒரு முறை ஊரைச் சுற்றி வந்தோம். ஆனால் பலகை இல்லாததால் மட்டும் ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடுமா? வேலைக்குப் போன முதல் நாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வருகிறேன் என்றேன்.

"வேணாம்" என்றார். "நீ வீட்டுல இரு. நானே வாரேன்."

"இல்லங்க, புது ஊரு..."

"ராசாத்தி. நானே வாரேன்."

அன்று மாலை கத்தரிக்காயை அடுப்பில் வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தெரு நீளமானது, இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு வீட்டில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தெருக்கோடியில் ஓர் உருவம் திரும்பியது. தனியாக, தோளில் பையோடு, அவசரப்படாமல் வந்தது. புல் வெட்டுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து மறுபடியும் வெட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினேன்.

படியேறி வந்தவர், குழந்தையை வாங்கிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். "என்ன, அடுப்புல எதையோ வச்சிட்டு இங்க வந்து நிக்கிற? கருகுது பாரு."

கத்தரிக்காய் அடியோடு கருகிப்போயிருந்தது. அதையே போட்டுச் சாப்பிட்டோம். மறுநாள் அடுப்பை முன்கூட்டியே அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.